எளிய உடைக்கு ஒரே ஒரு பெரிய நகை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரே நிறப் பருத்திக் குர்த்தா, கரை ஒடுங்கிய கைத்தறிப் புடவை, வெள்ளைச் சட்டை, கறுப்புக் கால்சட்டை என்று அலமாரியைச் சுருக்கிக்கொண்டவர்களுக்கு நகை வாங்குவது எளிது என்று தோன்றும். உண்மையில் அவர்களுக்குத்தான் கடினம். காஞ்சிப் பட்டின் ஜரிகைக்கு நடுவே ஒரு கோணல் கொக்கியோ மங்கிய முலாமோ யார் கண்ணிலும் படாது. சாம்பல் நிறக் குர்த்தாவின் மேல் அதுதான் முதலில் தெரியும். அதனால் இங்கே அழகைவிட எடை, அளவு, பொருத்தம், உலோகம் பற்றித்தான் அதிகம் பேசுகிறோம்.

ஸ்டேட்மென்ட் நகை (பார்த்ததும் கண்ணை இழுக்கும் ஒற்றை நகை) என்றால் பெரிய நகை என்று அர்த்தமா?

அளவு ஒரு பங்குதான். நாலடி தள்ளி நிற்பவருக்கு அதன் உருவம் முழுதாகப் பிடிபட வேண்டும்; அதுதான் சோதனை. பொடிப் பொடியாக நூறு கல் வைத்த பெரிய ஆரம் தூரத்திலிருந்து வெறும் மினுமினுப்பாகத் தெரியும். அடித்துத் தட்டையாக்கிய ஒரே ஒரு பித்தளைச் சுருள், விலை கொஞ்சமாக இருந்தாலும், உருவமாகத் தெரியும். அமெரிக்கச் சிற்பி அலெக்சாண்டர் கால்டர் பித்தளை, வெள்ளிக் கம்பிகளைச் சுத்தியலால் தட்டியே ஏறக்குறைய 1,800 நகைகள் செய்தார். பெரும்பாலானவற்றில் பற்றவைப்பு கூடக் கிடையாது. வளைத்து மாட்டியும் ஆணி அடித்தும் சேர்த்தவை. இன்றைய பெரிய நகைகள் பலவற்றில் அந்தச் சாயலைப் பார்க்கலாம்.

முதலில் எதை வாங்குவது? காதுக்கா, கழுத்துக்கா, கைக்கா?

கடைக்குப் போகுமுன் உங்கள் ஒரு நாளைப் பாருங்கள். அலுவலகத்தில் அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிட வேண்டுமா? அப்படியானால் கழுத்து நகைக்கு வேலையில்லை. அட்டையின் பட்டையும் ஆரமும் ஒன்றோடொன்று சண்டை போடும். நாள் முழுக்க மடிக்கணினியில் தட்டச்சு செய்பவருக்குப் பட்டைக் காப்பு தொந்தரவு. அது மேசையில் இடித்துக்கொண்டே இருக்கும், கணினியின் ஓரத்தையும் கீறும். தலைக்கவசம் போட்டு வண்டி ஓட்டுபவர் தொங்கட்டானைக் கைப்பையில் வைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்த பிறகுதான் மாட்ட வேண்டும். கவசத்தைக் கழற்றும்போது நகை உள்பஞ்சில் சிக்கினால் காதுத் துளை கிழியும்.

இந்த மூன்றும் இல்லாதவருக்கு எங்கள் ஓட்டு காதுக்கே. பேசும்போது எதிரில் இருப்பவர் பார்ப்பது முகத்தை. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தாலும், காணொளிக் கூட்டத்தில் இருந்தாலும் காது தெரியும்.

ஒரே நேரத்தில் எத்தனை?

ஒன்று. காதில் பெரிதாகப் போட்டால் கழுத்து வெறுமையாக இருக்கட்டும். மூக்குத்தி, மெட்டி, மெல்லிய மோதிரம் ஆகியவற்றைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அவை உடம்போடு கலந்துவிட்டவை. இரண்டு வேண்டுமென்றால் தூரத்தில் வையுங்கள்: காதும் கையும் ஒத்துப்போகும், காதும் கழுத்தும் நெருக்கடி.

தாலிச் சங்கிலி எப்போதும் கழுத்தில் இருக்கிறது. அதன் மேல் இன்னொன்று போடலாமா?

போடலாம். ஆனால் அதே நீளத்தில் வேண்டாம். தாலிச் சங்கிலியை உடைக்குள் விட்டுக்கொண்டு, கழுத்தடியில் 14 முதல் 16 அங்குலத்தில் விறைப்பாக நிற்கும் அட்டிகை வகையோ கம்பி வளையமோ போட்டால் இரண்டும் சந்திக்காது. 20 அங்குலத்துக்கு மேற்பட்ட பதக்கச் சங்கிலி போட்டால் நடக்க நடக்க இரண்டும் முறுக்கிக்கொள்ளும். தங்கம் மென்மையானது, எஃகு, பித்தளைக் கண்ணிகள் உரசினால் தேய்வது தங்கம்தான். தினமும் செய்யக்கூடிய வேலையில்லை இது. பெரிய நகையைக் காதுக்கோ கைக்கோ மாற்றிவிடுவது நல்லது.

எந்தக் கழுத்து வெட்டுக்கு எந்த நீளம்?

நகையின் கீழ்விளிம்பும் துணியின் விளிம்பும் ஒரே கோட்டில் விழக்கூடாது, அவ்வளவுதான். விழுந்தால் இரண்டுமே மங்கும். குறைந்தது இரண்டு விரல் இடைவெளி மேலேயோ கீழேயோ வேண்டும். வட்டக் கழுத்துக் குர்த்தாவுக்கு, துணியின் மேல் விழும்படி 24 முதல் 30 அங்குலம். வி கழுத்துக்கு, தோலின் மேலேயே முடியும் 16 முதல் 18 அங்குலம். மேல் பொத்தான் வரை போட்ட சட்டைக் காலருக்கு, காலருக்கு அடியில் புகுந்து வரும் விறைப்பான வளையம். படகுக் கழுத்துக்கு ஆரமே வேண்டாம். தோள் வரை போகும் கிடைக்கோட்டை நகை வெட்டிவிடும். அங்கே நீண்ட தொங்கட்டான் போடுங்கள்.

முன்பக்கம் கனத்து, பின்பக்கம் மெல்லிய சங்கிலியாக இருக்கும் ஆரங்களில் ஒரு சிக்கல் உண்டு. நடக்கும்போது கொக்கி மெல்லச் சுழன்று முன்னால் வந்துவிடும். வாங்குமுன் போட்டுக்கொண்டு இருபதடி நடந்து, குனிந்து நிமிர்ந்து பாருங்கள். பிடித்துப்போய் ஏற்கெனவே வாங்கிவிட்டால், கொக்கிக்குப் பக்கத்தில் ஒரு சிறு கனமான மணியைத் தொங்கவிட்டால் பெரும்பாலும் சரியாகும். மாலை நிகழ்ச்சிக்கு 80 முதல் 100 கிராம் வரை கழுத்து தாங்கும். அதற்கு மேல் போனால் சாப்பாட்டுப் பந்தியில் உட்காரும்போதே பிடரி சொல்லிவிடும்.

புடவைக்கு?

ஒரே நிறக் கைத்தறிப் புடவை, பெரிய நகைக்கு நல்ல பின்புலம். ஆனால் முந்தானை இடது தோளில் விழுவதால் உடம்பின் இரு பக்கமும் ஒன்றாக இருப்பதில்லை. நீண்ட ஆரத்தின் பாதி மடிப்புக்குள் போய்விடும். இடது காதின் கொக்கி முந்தானை நூலை இழுக்கும். பெரிய காப்பை வலது கையில் போடுங்கள். முந்தானையைச் சரிசெய்யும் இடது கையில் போட்டால் ஒவ்வொரு முறையும் துணி சிக்கும்.

கையில்லாத ரவிக்கை போடுபவர்கள் மேல்கையில் அணியும் வங்கி என்ற நகையை மறந்துவிடுகிறார்கள். கல் வைக்காத, தட்டையான ஒரு வெள்ளி வங்கி மட்டும் மேல்கையில் இருந்து, மற்ற இடமெல்லாம் வெறுமையாக இருந்தால் அதற்கு ஈடு எதுவுமில்லை. மேல்கையின் சுற்றளவைக் கையை மடக்கிய நிலையில் அளந்து வாங்குங்கள். நீட்டிய நிலையில் அளந்தால் மடக்கும்போது பிடிக்கும்.

காதுக்கு எத்தனை கிராம் வரை போடலாம்?

ஒரு காதுக்கு 5 அல்லது 6 கிராம் என்றால் நாள் முழுக்க இருக்கலாம். 10 கிராம், இரண்டு மூன்று மணி நேரத்துக்கு. 15 கிராமைத் தாண்டினால் மாட்டல் போட்டு எடையைத் தலைமுடிக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். ஜிமிக்கிக்கு நம் வீடுகளில் மாட்டல் வந்தது அழகுக்காக மட்டுமில்லை.

எடை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் பொருளைத் தேர்ந்தெடுப்பது எளிது. 4 செ.மீ. விட்டமும் 0.8 மி.மீ. தடிமனும் உள்ள ஒரு வட்டத் தகட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 925 வெள்ளியில் (92.5 சதவீதம் தூய வெள்ளி) அது ஏறத்தாழ 10.4 கிராம். பித்தளையில் 8.5. அலுமினியத்தில் 2.7 மட்டுமே. அதே வட்டம் 3 மி.மீ. அக்ரிலிக்கில் 4.5 கிராம் வரும். ஆக, உள்ளங்கை அகலக் காதணி வேண்டுமென்றால் அலுமினியம், மரம், அக்ரிலிக் பக்கம் போங்கள், அல்லது நடுவில் வெட்டித் திறந்த வடிவத்தைத் தேடுங்கள். வெள்ளியே வேண்டுமென்றால் வெறும் கம்பியால் வரைந்த வளையம் போதும். கண்ணுக்கு அளவு ஒன்றுதான், எடை மூன்றில் ஒரு பங்கு கூட இராது.

உருண்டைகளில் ஏமாறாதீர்கள். 2 செ.மீ. விட்டமுள்ள கெட்டியான வெள்ளிக் குண்டு 43 கிராம் இருக்கும்; யாரும் காதில் போட முடியாது. கடையில் இருப்பவை எல்லாம் உள்ளே வெற்றிடமானவை. அதில் தவறில்லை. ஆனால் தகடு மெலிதானால் கீழே ஒரு முறை விழுந்தாலே குழி விழும், குழியை உள்ளிருந்து தட்டி எடுக்க வழியில்லை. கட்டைவிரலால் லேசாக அழுத்திப் பாருங்கள். அசைந்தால் வேண்டாம்.

பெரிய காதணி போட்டால் முன்னால் சாய்ந்து தொங்குகிறது. ஏன்?

மூன்று காரணம் இருக்கலாம். கம்பி, தகட்டின் நடுவில் பற்றவைக்கப்பட்டிருக்கும்; அது மேலிருந்து மூன்றில் ஒரு பங்கில் இருந்தால்தான் தகடு நேராக நிற்கும். அல்லது பின்னால் போடும் பிடி சிறிதாக இருக்கும், 12 மி.மீ. அகலமுள்ள வட்டப் பிடி போட்டால் எடை பரவும். மூன்றாவது காரணம் நம் ஊருக்கே உரியது. சிறு வயதிலிருந்து திருகாணித் தோடு போட்டவர்களின் துளை அகலம். இப்போது வரும் மெல்லிய கம்பி 0.8, 0.9 மி.மீ.தான் இருக்கும். அகலத் துளையில் அது ஆடும். தெரிந்த பொற்கொல்லரிடம் கொடுத்துக் கம்பியைத் தடித்த திருகாக மாற்றிக்கொள்ளலாம், சின்ன வேலைதான். முலாம் பூசிய நகையில் மட்டும் இதைச் செய்யச் சொல்லாதீர்கள். சூடு பட்ட இடத்தில் முலாம் கருகும்.

துளை நீண்டு கோடாகிவிட்டதென்றால் எடையுள்ள எதையும் மாட்ட வேண்டாம். தோல் மருத்துவரோ ஒட்டுறுப்பு அறுவை மருத்துவரோ (பிளாஸ்டிக் சர்ஜன்) தையல் போட்டுச் சரிசெய்வார்கள்.

வளையல் அளவில் 2.4, 2.6, 2.10 என்கிறார்களே?

புள்ளியைத் தசமப் புள்ளியாக நினைப்பதால்தான் இணையத்தில் தவறாக வாங்குகிறோம். 2.4 என்றால் இரண்டு அங்குலமும் பதினாறில் நான்கு பங்கும். அதாவது இரண்டேகால் அங்குல உள்விட்டம், 57.2 மி.மீ. 2.6 என்பது 60.3 மி.மீ., 2.8 என்பது 63.5 மி.மீ. அதற்கு அடுத்த பெரிய அளவு 2.10, அது 2.1 அன்று, 66.7 மி.மீ.

அளக்கும் விதம்: கட்டைவிரலைச் சுண்டுவிரலோடு சேர்த்து, கையைக் கூம்பாக்கி, முட்டி எலும்புகள் மேல் நூலைச் சுற்றுங்கள். நூல் 19 செ.மீ. என்றால் 3.14ஆல் வகுத்தால் 60.5 மி.மீ.; உங்கள் அளவு 2.6. இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமான கடா (தடித்த காப்பு) வகை என்றால் ஒரு அளவு கூட்டிக்கொள்ளுங்கள், அகலமானது கையில் ஏறச் சிரமப்படும்.

திறந்த வாயுள்ள பட்டைக் காப்புக்கு விட்டம் தேவையில்லை. மணிக்கட்டின் சுற்றளவு 15 செ.மீ. என்றால், வாயின் இடைவெளியையும் சேர்த்து உள்சுற்று 15.5 முதல் 16 செ.மீ. இருக்க வேண்டும். வாய் 2.5 செ.மீ. அளவு. மணிக்கட்டைப் பக்கவாட்டில் திருப்பி, எலும்புக்கு மேலே சதைப்பற்று குறைந்த இடத்தில் ஒரு முனையை வைத்து உருட்டி நுழையுங்கள். தினமும் இரு முனைகளையும் பிடித்து அகட்டினால் உலோகம் அந்த இடத்தில் இறுகிக்கொண்டே போய் ஒரு நாள் நடுவில் முறியும். நாளடைவில் விரிசல் விட்ட காப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு இதுதான் காரணம்.

சில காப்புகளுக்கு இடது, வலது உண்டு. இத்தாலிய வடிவமைப்பாளர் எல்சா பெரெட்டி 1970களில் அமெரிக்காவின் டிஃபனி நகை நிறுவனத்துக்கு வடிவமைத்த எலும்பு வடிவக் காப்பு, மணிக்கட்டு எலும்பின் புடைப்பை அணைத்து உட்காரும்படி இரண்டு கைக்கும் தனித்தனியாகச் செய்யப்படுகிறது. அந்தச் சாயலில் செய்த எதை வாங்கினாலும் எந்தக் கைக்கு என்று கேட்டு வாங்குங்கள்.

பெரிய மோதிரம் விரலில் சுழன்றுகொண்டே இருக்கிறதே?

தலை கனம், வளையம் மெலிது. 2 செ.மீ.க்கு மேல் தலையுள்ள மோதிரத்துக்கு வளையம் குறைந்தது 4 மி.மீ. அகலமாக இருக்க வேண்டும். நம் கடைகளின் அளவு எண், மி.மீ.இல் உள்சுற்றளவிலிருந்து 40ஐக் கழித்தால் ஏறக்குறைய வந்துவிடும்: 54 மி.மீ. சுற்றளவு, 14ஆம் எண். மாலையில் அளந்து பாருங்கள், காலையில் விரல் ஒடுங்கியிருக்கும். 8 மி.மீ.க்கு மேல் அகலமான பட்டை என்றால் ஒரு எண் கூட்டுங்கள்.

புரோச் குத்தினால் துணி போய்விடாதா?

பட்டிலும் டஸரிலும் துளை நிற்கும். கைத்தறிப் பருத்தியில் நீராவி காட்டினால் நூல்கள் திரும்பக் கூடிவிடும். மல்மல் போன்ற மெல்லிய துணியில் 15 கிராமுக்கு மேற்பட்ட புரோச் தொங்கி இழுக்கும். உள்பக்கம் இரண்டு விரல் அளவு ஃபெல்ட் துண்டை வைத்து, துணியையும் அதையும் சேர்த்துக் குத்துங்கள். காந்தப் பிடி வைத்த புரோச் துளையிடாது, ஆனால் இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் அதை மார்புப் பக்கம் அணியக்கூடாது.

"ஆக்ஸிடைஸ்டு" என்று விற்பது வெள்ளியா?

பெரும்பாலும் இல்லை. அந்தச் சொல் மேற்பரப்பைக் கறுப்பாக்கும் முறையைக் குறிக்கிறது, உலோகத்தை அன்று. உண்மையான 925 வெள்ளியைக் கந்தகச் சேர்மத்தில் முக்கிக் கறுப்பாக்கி, மேடான இடங்களைத் தேய்த்து வெளிறச் செய்வதும் உண்டு. தெருவோரக் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பது வேறு உலோகக் கலவை. ஜெர்மன் சில்வர் என்பதிலும் வெள்ளி துளிகூடக் கிடையாது; செம்பு, நிக்கல், துத்தநாகம்தான்.

காந்தம் வைத்துப் பார்ப்பது அரைச் சோதனை. ஒட்டினால் இரும்பு என்று தெரியும். ஒட்டாவிட்டால் ஒன்றும் தெரியாது. பித்தளையும் ஜெர்மன் சில்வரும்கூட ஒட்டுவதில்லை. பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையைத் தேடுவதே வழி. தங்கத்துக்கு, எழுத்தும் எண்ணும் கலந்து ஆறு இடம் கொண்ட எச்யூஐடி குறியீடு (ஒவ்வொரு நகைக்கும் தனி அடையாள எண்) 2023 ஏப்ரல் 1 முதல் கட்டாயம். வெள்ளிக்கு 2025 செப்டம்பரில் விருப்ப அடிப்படையில் தொடங்கியது. குறியீடு இருந்தால் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுச் சரிபார்க்கலாம்.

பொய் வெள்ளியைப் போடவே கூடாது என்று சொல்லவில்லை. வெள்ளி விலை கொடுக்காதீர்கள்.

போட்ட மறுநாள் காது அரிக்கிறது.

நிக்கல் ஒவ்வாமையாக இருக்கலாம். போட்ட உடனே இல்லாமல் பல மணி நேரம் கழித்தோ ஓரிரு நாளிலோ சிவந்து, அரித்து, நீர்க் கொப்புளம் வரும். ஒருமுறை வந்தால் பொதுவாக வாழ்நாள் முழுக்க இருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் துளையில் போகும் கம்பிக்கு வாரத்துக்குச் சதுர செ.மீ.க்கு 0.2 மைக்ரோகிராம் நிக்கல் கசிவுதான் அனுமதிக்கிறது. தகடு எதுவாகவும் இருக்கட்டும். கம்பி மட்டும் டைட்டேனியம், நியோபியம், 925 வெள்ளி அல்லது தங்கமாக இருந்தால் பெரும்பாலும் போதும். 316எல் சர்ஜிக்கல் ஸ்டீலிலும் 10 சதவீதத்துக்கு மேல் நிக்கல் உண்டு. அது எளிதில் கசிவதில்லை என்பதால் பலருக்கு ஒத்துக்கொள்ளும், கடுமையான ஒவ்வாமை உள்ளவர்கள் தவிர்க்கலாம்.

தோலில் பச்சைக் கறை படிவது வேறு கதை. அது வியர்வையில் செம்பு கரைந்து வருவது. சோப்புப் போட்டால் போய்விடும்.

தங்க முலாம் எத்தனை நாள் வரும்?

தடிமனைக் கேளுங்கள். மலிவான முலாம் அரை மைக்ரானைக்கூட (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) எட்டாது. மோதிரத்தில் சில வாரங்களில் செம்பு எட்டிப் பார்க்கும். வெள்ளியின் மேல் 2.5 மைக்ரான் தங்கம் பூசியதை அமெரிக்காவில் வெர்மேல் என்று விற்கலாம்; அது வருடக்கணக்கில் வரும். உரசல் அதிகமுள்ள மோதிரத்துக்கும் காப்புக்கும் முலாமே வேண்டாம். காதணிக்குச் சிதம்பரம் கவரிங்கே தாராளம்.

வெள்ளை உடைக்கு வெள்ளி, கறுப்புக்குத் தங்கம் என்பது சரியா?

இரண்டாவது பாதி சரி. பளபளக்கும் வெள்ளி, வெள்ளைத் துணியின் மேல் கரைந்துபோகும். கறுப்பேற்றிய வெள்ளி நன்றாக நிற்கும். கறுப்பின் மேல் பித்தளையும் தங்கமும் ஜொலிக்கும். காவி, செங்கல் நிறங்களுக்குச் செம்பு போட்டால் மங்கும், வெள்ளி போடுங்கள். நிறத்தைவிட மேற்பரப்பைக் கவனிப்பது பலன் தரும்: முடிச்சுகள் தெரியும் கதர்த் துணிக்கு வழவழப்பான கண்ணாடிப் பளபளப்பு, வழவழப்பான கிரேப்புக்குச் சுத்தியல் தழும்புள்ள தகடு.

தங்கமும் வெள்ளியும் சேர்த்துப் போடலாம். தங்க மூக்குத்தியோடு வெள்ளிக் காதணியை யாரும் கேள்வி கேட்கப்போவதில்லை.

பாட்டியின் பழைய நகையை இப்படிப் பயன்படுத்த முடியுமா?

பாம்படத்தைப் பாருங்கள். கோளம், கனசதுரம், தட்டு என்று வெறும் வடிவியல். திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் பக்கத்துப் பெண்கள் வளர்த்த காதில் தொங்கவிட்டது. இன்றைய நவீன நகைக்காரர்கள் எட்ட நினைக்கும் இடத்தில் அது என்றோ இருந்தது. அதை இன்றைய துளையில் மாட்ட முடியாது. தடித்த கறுப்புக் கயிற்றிலோ கம்பி வளையத்திலோ ஒன்றை மட்டும் பதக்கமாகக் கோக்கலாம். உள்ளே அரக்கு நிரப்பியிருப்பார்கள். அதனால் அதன்மேல் பற்றவைக்கவோ சூடுகாட்டவோ விடாதீர்கள், அரக்கு உருகி வழியும். வெந்நீரிலும் ஊறவைக்க வேண்டாம்.

கறுத்துப்போன வெள்ளியை எப்படிச் சுத்தம் செய்வது?

கறுப்பது காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களால். ரப்பர் பேண்டிலும் கந்தகம் உண்டு, அதனால் வெள்ளியை ரப்பர் பேண்ட் போட்டு வைக்காதீர்கள். வழவழப்பான வெள்ளிக்கு விபூதியைப் பருத்தித் துணியில் தொட்டுத் தேய்க்கும் வழக்கம் நன்றாகவே வேலை செய்யும். அது மெல்லிய தேய்ப்பான். ஆனால் முலாம் பூசியதிலும் கறுப்பேற்றியதிலும் விபூதி போட்டால் மேற்பூச்சு போய்விடும். அலுமினியத் தாள், சமையல் சோடா, வெந்நீர் முறையும் அப்படித்தான்: கறையோடு, வேண்டுமென்றே ஏற்றிய கறுப்பையும் எடுத்துவிடும். அவற்றுக்கு உலர்ந்த மெல்லிய துணி மட்டும்.

புளி, எலுமிச்சை முலாமில்லாத பித்தளைக்கு நல்லது. முத்தின் பக்கம் கொண்டுபோகக்கூடாது. அமிலம் அதன் மேற்பரப்பை அரித்துவிடும். சுடுமண் நகையை நனைக்காமல் தூரிகையால் தூசி தட்டினால் போதும். வாசனைத் திரவியம், தலைக்கு அடிக்கும் ஸ்ப்ரே எல்லாம் முடிந்த பிறகு கடைசியாக நகை. கழற்றியதும் வியர்வையைத் துடைத்து, காற்றுப்புகாத சிறு உறையில் ஒவ்வொன்றாக வையுங்கள்.

விற்றால் பணம் திரும்புமா?

வெள்ளியின் எடைக்குரியது மட்டும். செய்கூலியும் வடிவமைப்புக்குக் கொடுத்ததும் 3 சதவீத ஜிஎஸ்டியும் திரும்பாது. இதைச் சேமிப்பு என்று எண்ணி வாங்கினால் மனம் கசக்கும், செருப்பு வாங்குவதுபோல வாங்குங்கள்.

இணையத்தில் வாங்கும்போது படத்தை நம்பலாமா?

மில்லிமீட்டரையும் கிராமையும் நம்புங்கள். இரண்டில் ஒன்று குறிப்பிடாத பக்கத்தில் கேட்டு வாங்கிக்கொண்ட பிறகே பணம் கட்டுங்கள். அளவு வந்ததும் அட்டையில் அதே உருவத்தை வெட்டி, செல்லோ டேப்பால் காதுக்குப் பக்கத்திலோ மார்பிலோ ஒட்டி, நாலடி தள்ளிக் கண்ணாடியில் பாருங்கள். பெட்டி வந்து சேர்ந்ததும் முதல் வேலை, நகையைத் திருப்பிப் பார்ப்பது: இணைப்பு வளையங்களின் வாய் மூடியிருக்கிறதா, கல் ஒட்டியதா அல்லது விளிம்பை மடித்துப் பிடித்ததா. ஒட்டிய கல் நம் ஊர் வியர்வைக்கு நிற்காது. பிறகு ஒரு பழைய நைலான் துப்பட்டாவை எல்லா ஓரங்களிலும் இழுத்துப் பாருங்கள். ஒரு நூல் சிக்கினாலும் திருப்பி அனுப்புவதற்கான கெடு முடியுமுன் அனுப்பிவிடுங்கள்.